கிரெடிட் கார்டு புள்ளியில் குடும்பச் சுற்றுலா: கூடுமா? கட்டுபடியாகுமா?

 

கோடை விடுமுறை நெருங்கிவிட்டால் நம் இல்லங்களில் பிள்ளைகள் வாப்பாவின் முகத்தைப் பார்க்கத் தொடங்கிவிடுகிறார்கள். "அடுத்த வீட்டார் காஷ்மீர் போகிறார்கள், நாம் எங்கே?" என்பது அவர்களது கேள்வி. அதே சமயத்தில் வங்கியிலிருந்து ஒரு தொலைபேசி வருகிறது. "இந்தக் கார்டை வாங்குங்கள், வீட்டுச் செலவையெல்லாம் இதிலேயே செய்யுங்கள். ஒவ்வொரு செலவுக்கும் புள்ளி சேரும். புள்ளி சேர்ந்தால் விமான டிக்கெட் இலவசம்" என்று இனிமையாகப் பேசுகிறார்கள். குடும்பத் தலைவருக்கு ஒரே கல்லில் இரண்டு மாங்காய் விழுந்ததுபோலத் தோன்றுகிறது.

இங்கே நாம் கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு. ஒன்று, இது மார்க்கத்தில் கூடுமா? மற்றொன்று, இது குடும்பத்துக்குக் கட்டுபடியாகுமா? இவ்விரண்டையும் கலந்துவிடக் கூடாது. லாபம் தருவதெல்லாம் ஹலாலாகிவிடாது. அதுபோலவே, கூடும் என்று உலமாக்கள் சொன்ன ஒன்று எல்லாருக்கும் நன்மையாகவே முடியும் என்பதும் இல்லை. ஆகவே ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

பயணம் தவறானதா?

முதலில் ஒரு தப்பெண்ணத்தை நீக்கிக்கொள்வோம். குடும்பத்துடன் ஊர் சுற்றிப் பார்ப்பதை மார்க்கம் வெறுக்கவில்லை. பூமியில் பயணம் செய்து படைப்பின் அற்புதங்களையும் முன்சென்ற சமுதாயங்களின் முடிவையும் பார்க்கும்படி குர்ஆன் ஷரீபு பல இடங்களில் ஏவுகிறது. 29ஆவது சூராவான அன்கபூத்தின் 20ஆவது ஆயத்திலும், 30ஆவது சூராவான ரூமின் 42ஆவது ஆயத்திலும் இதைக் காணலாம். மனைவி மக்களுக்கு நல்ல எண்ணத்துடன் செய்யும் செலவு ஸதகாவாக எழுதப்படும் என்பது ஹதீஸில் வந்துள்ள சுபச் செய்தி. தூரத்து ஊரிலுள்ள உறவினரைக் கண்டு வந்தால் அது சொந்த பந்தத்தைச் சேர்த்து நடப்பதாகவும் ஆகும். எனவே நம் ஆராய்ச்சி பயணத்தைப் பற்றியதல்ல. பயணத்துக்குப் பணம் வரும் வழியைப் பற்றியதே.

கார்டின் அமைப்பு

ஒரு சட்டத்தைச் சொல்லுமுன் அந்தப் பொருளின் உண்மை நிலையைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பது ஃபுகஹாக்களின் முறை. நீங்கள் கடையில் கார்டைத் தேய்க்கும்போது, உங்களுக்காக வங்கி கடைக்காரருக்குப் பணம் கொடுத்துவிடுகிறது. அந்தத் தொகைக்கு நீங்கள் வங்கியிடம் கடனாளி ஆகிறீர்கள். ஃபிக்ஹு மொழியில் சொல்வதானால், இதில் கஃபாலா எனும் பொறுப்பேற்றலும் கர்ளு எனும் கடனும் கலந்திருக்கின்றன. மாதத்துக்கு ஒருமுறை பில் வரும். அதில் குறித்த தேதிக்குள் முழுத் தொகையையும் செலுத்திவிட்டால் வட்டி இல்லை.

ஆனால் அதே பில்லில் "குறைந்தபட்சத் தொகை" என்று இன்னொரு எண்ணும் இருக்கும். பெரும்பாலும் அது மொத்தத்தில் 5 சதவீத அளவிலேயே இருக்கும். அதை மட்டும் கட்டினால் அபராதம் வராது. ஆனால் வட்டி வந்துவிடும். அதுவும் பாக்கிக்கு மட்டும், அன்று முதல் என்று எண்ணிவிடாதீர்கள். ஒவ்வொரு பொருளையும் வாங்கிய தேதியிலிருந்தே வட்டி கணக்காகும். புதிதாக வாங்குபவற்றுக்கும் வட்டியில்லாத் தவணை கிடையாது.

அந்த வட்டி எவ்வளவு? நம் நாட்டில் பல கார்டுகளில் மாதம் 3.5 முதல் 3.75 சதவீதம். நம் ஊர்ப் பேச்சில் சொன்னால், மூன்றரை வட்டி, மூன்றே முக்கால் வட்டி. ஆண்டுக்கு 42 முதல் 45 சதவீதம். அதன் மேல் 18 சதவீத ஜி.எஸ்.டி. வரியும் உண்டு. ஆண்டுக்கு 30 சதவீதத்துக்கு மேல் வாங்குவது முறையற்ற வணிகம் என்று தேசிய நுகர்வோர் ஆணையம் 2008ஆம் ஆண்டில் தீர்ப்பளித்திருந்தது. அத்தீர்ப்பை உச்ச நீதிமன்றம் 2024 டிசம்பர் 20 அன்று ரத்து செய்துவிட்டது. தெருவில் கந்துவட்டிக்காரரைக் கண்டால் ஒதுங்கிப் போகும் நாம், அதே வட்டி பளபளப்பான அட்டையில் வந்தால் வரவேற்று வீட்டுக்குள் வைத்துக்கொள்கிறோம்.

"இலவசம்" எங்கிருந்து வருகிறது?

வங்கி எந்தப் பணத்திலிருந்து புள்ளி தருகிறது என்று பலர் கேட்பதில்லை. அதற்கு மூன்று ஊற்றுக்கள் உண்டு. ஒன்று, ஒவ்வொரு விற்பனையிலும் கடைக்காரரிடம் பிடித்துக்கொள்ளும் கமிஷன். இரண்டாவது, கார்டுக்கான ஆண்டுக் கட்டணம். மூன்றாவது, பில்லை முழுமையாகக் கட்ட முடியாதவர்கள் கொடுக்கும் வட்டியும் அபராதமும்.

கடைக்காரர் தம் கமிஷனைத் தம் பையிலிருந்து கொடுத்துக்கொண்டிருக்க மாட்டார். அதைப் பொருளின் விலையில் ஏற்றுவார். ரொக்கம் கொடுக்கும் ஏழையும் அந்த ஏறிய விலையையே கொடுக்கிறார், ஆனால் அவருக்குப் புள்ளி இல்லை. அமெரிக்காவின் பாஸ்டன் நகர மத்திய வங்கிக் கிளையின் ஆய்வாளர்கள் 2010ஆம் ஆண்டில் இதைக் கணக்கிட்டார்கள். அந்நாட்டில் ரொக்கம் பயன்படுத்தும் குடும்பம் ஒவ்வொன்றும் ஆண்டுக்குச் சராசரியாக 149 டாலர் இழக்கிறது என்றும், கார்டு பயன்படுத்தும் குடும்பம் ஒவ்வொன்றும் 1,133 டாலர் பெறுகிறது என்றும் கண்டார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2015ஆம் ஆண்டின் சட்டத்தால் கிரெடிட் கார்டு விற்பனையில் வங்கிகளுக்குள் கைமாறும் கட்டணத்தை 0.3 சதவீதத்துக்குள் கட்டுப்படுத்தியது. கமிஷன் சுருங்கினால் அதிலிருந்து கொடுக்கும் சலுகையும் சுருங்கத்தானே செய்யும்! இலவசம் வானத்திலிருந்து இறங்குவதில்லை என்பதை இதிலிருந்து விளங்கிக்கொள்ளலாம்.

மார்க்கத்தின் தீர்ப்பு

வட்டி ஹராம் என்பதில் எவருக்கும் கருத்து வேறுபாடு இல்லை. சூரத்துல் பகராவின் 275 முதல் 281 வரையுள்ள ஆயத்துகளில் அல்லாஹுத்தஆலா வியாபாரத்தை ஆகுமாக்கி, வட்டியைத் தடுத்து, அதை விடாதவர்களுக்குக் கடுமையான எச்சரிக்கையும் விடுத்திருக்கிறான். வட்டியை உண்பவர் மட்டுமல்லாமல், அதைக் கொடுப்பவர், எழுதுபவர், சாட்சியாக நிற்பவர் ஆகிய எல்லாரையும் நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் சபித்திருப்பதாக ஜாபிர் (ரலி) அவர்கள் அறிவிக்கும் ஹதீஸ் ஸஹீஹ் முஸ்லிமில் உள்ளது. "நான் வாங்கவில்லையே, கொடுக்கத்தானே செய்கிறேன்" என்ற சமாதானத்துக்கு இங்கே இடமில்லை.

இனி, வட்டி கொடுக்கவே நேராமல் முழுத் தொகையையும் தேதிக்குள் கட்டுபவரின் நிலை என்ன? இதில் உலமாக்களிடையே இரண்டு கருத்துகள் உண்டு.

முதல் கருத்து: கார்டு வாங்கும்போதே, "தாமதித்தால் வட்டி தருவேன்" என்ற நிபந்தனைக்கு நாம் கையெழுத்திடுகிறோம். ஹராமான நிபந்தனையை ஏற்பதே கூடாது. சர்வதேச இஸ்லாமிய ஃபிக்ஹு அகாடமி 2000ஆம் ஆண்டு செப்டம்பரில் ரியாத் நகரில் கூடிய தன் 12ஆவது அமர்வில் இவ்வாறே தீர்மானித்தது. வட்டி நிபந்தனை உள்ள கிரெடிட் கார்டைத் தேதிக்குள் கட்டிவிடும் எண்ணத்துடன்கூட வாங்கக் கூடாது என்றும், அந்நிபந்தனை இல்லாத கார்டு கூடும் என்றும் அத்தீர்மானம் கூறுகிறது.

இரண்டாவது கருத்து: இக்காலத்தில் பல காரியங்கள் கார்டு இல்லாமல் நடப்பதில்லை. ஆகவே தேவையுள்ளவர், தேதிக்குள் முழுவதும் கட்டும் உறுதியும் வசதியும் இருந்து, ஒருபோதும் வட்டி கொடுக்க நேராதபடி பார்த்துக்கொண்டால், அவர் வைத்துக்கொள்ளலாம். அந்த நிபந்தனையை அவர் மனத்தால் வெறுக்கவும் வேண்டும். ஃபத்வா கொடுக்கும் முஃப்திகளில் பலர் இவ்வாறு சொல்கிறார்கள்.

இரண்டாவது கருத்தைச் சொன்னவர்கள் எதை அடிப்படையாக வைத்தார்கள் என்பதைக் கவனியுங்கள். தேவையைத்தான்! தொழிலுக்காகவோ, வெளியூரில் அறை பதிவு செய்யவோ கார்டு அவசியமானவருக்கு அந்தச் சலுகை பொருந்தும். புள்ளி சேர்ப்பதற்காக மட்டுமே ஒருவர் புதிதாகக் கார்டு வாங்கினால், அங்கே தேவை எங்கே இருக்கிறது? சுற்றுலா விருப்பமே தவிர, அவசியமன்று. எனவே புள்ளியை மட்டும் நாடிக் கார்டு வாங்குவதைத் தவிர்ப்பதே பேணுதலுக்குரிய வழி என்பது நமது கருத்து. வேறு தேவைக்காக முன்பே கார்டு வைத்திருப்பவருடைய சட்டம் வேறு.

புள்ளியின் சட்டம்

"கடனால் கிடைக்கும் எந்தப் பயனும் வட்டிதானே, அப்படியானால் புள்ளியும் வட்டியல்லவா?" என்று ஓதிய மாணவர் ஒருவர் கேட்கக்கூடும். இது நல்ல கேள்வி. அந்தச் சட்டம் கடன் கொடுத்தவர் பெறும் பயனைப் பற்றியது. கிரெடிட் கார்டில் கடன் கொடுத்தது வங்கி, வாங்கியது நாம். கடன் கொடுத்தவரே வாங்கியவருக்கு அன்பளிப்பு கொடுத்தால் அது வட்டியின் இலக்கணத்தில் வராது. ஆகவே கார்டு கூடும் என்ற நிலையில் உள்ளவருக்கு, அதில் சேரும் புள்ளியைப் பயன்படுத்துவதும் கூடும்.

டெபிட் கார்டில் நிலைமை தலைகீழ். அங்கே நம் பணம் வங்கியிடம் இருக்கிறது. அதைக் கடன் என்றே ஃபுகஹாக்களில் பலர் கணிக்கிறார்கள். அப்படியானால் கொடுத்தவர் நாம், வாங்கியது வங்கி. அதற்காக வங்கி தரும் புள்ளியில் சந்தேகம் வந்துவிடுகிறது. கடைக்காரரோ விமான நிறுவனமோ தம் பொறுப்பில் தரும் தள்ளுபடியில் இந்தச் சந்தேகம் இல்லை. டெபிட் கார்டு பாதுகாப்பானது, அதில் வருவதெல்லாம் ஹலால் என்று எண்ணியிருப்பவர்கள் இந்த வேறுபாட்டைக் கவனிக்க வேண்டும்.

மேலும் ஒரு மஸ்அலா. கல்யாணத்துக்கு நகை எடுக்கும்போது, "பெரிய தொகை, நிறையப் புள்ளி வரும்" என்று கிரெடிட் கார்டைத் தேய்க்கும் பழக்கம் பரவி வருகிறது. முன்சொன்ன அகாடமி, கணக்கில் பணமில்லாமல் கடனாக இயங்கும் கார்டைக் கொண்டு தங்கம், வெள்ளி வாங்குவதையும் தடுத்திருக்கிறது. தங்கத்தைப் பணத்துக்கு மாற்றும்போது கைக்குக் கை மாற வேண்டும் என்ற சட்டமே அதற்குக் காரணம். இதில் வேறு கருத்துடையோர் இருந்தாலும், நகைக்கு ரொக்கமாகவோ வங்கிக் கணக்கிலிருந்தோ கொடுத்து வாங்கினால் கருத்து வேறுபாட்டிலிருந்தே வெளியேறிவிடலாமல்லவா?

கணக்குப் போட்டுப் பார்ப்போம்

இப்போது இரண்டாவது கேள்விக்கு வருவோம். ஒரு குடும்பம் மாதம் ரூ.30,000 கார்டில் செலவு செய்கிறது என்று வைத்துக்கொள்வோம். புள்ளியின் மதிப்பு 1 சதவீதம் என்றால் மாதம் ரூ.300, ஆண்டுக்கு ரூ.3,600. கார்டின் ஆண்டுக் கட்டணம் ரூ.999 என்றால் வரியோடு ரூ.1,179. அதைக் கழித்தால் மிஞ்சுவது ரூ.2,421. ஒரு வருடம் முழுவதும் சேர்த்தது இவ்வளவுதான். நான்கு பேர் கொண்ட குடும்பத்துக்கு இது ரயில் டிக்கெட்டுக்கே போதுமா என்று நீங்களே சொல்லுங்கள்.

இதே குடும்பம் ஒரு மாதம் கைமுடையால் ரூ.1,500 மட்டும் கட்டி, ரூ.28,500 பாக்கி வைக்கிறது. 3.75 சதவீதப்படி ஒரு மாத வட்டி ரூ.1,069. வரியோடு ரூ.1,261. வருடத்தில் இரண்டு முறை இப்படி நேர்ந்தால் ரூ.2,522. பன்னிரண்டு மாதம் சேர்த்தது இரண்டே மாதத்தில் போய்விட்டது. பணம் போனது சிறிய நஷ்டம். வட்டி கொடுத்தவர் என்ற பெயர் அல்லாஹ்விடத்தில் பதிவானதுதான் பெரிய நஷ்டம்.

வெளிநாடு செல்பவர்கள் இன்னொன்றையும் பார்க்க வேண்டும். பல கார்டுகளில் அந்நியப் பணத்தில் செலவு செய்தால் 3.5 சதவீதம் கூடுதல் கட்டணம், வரியோடு 4.13 சதவீதம். மலேசியாவிலோ துபாயிலோ ஒரு லட்சம் ரூபாய்க்குக் கார்டு தேய்த்தால் ரூ.4,130 அங்கேயே போய்விடும். சில கடைகளில் கார்டு என்றால் 2 சதவீதம் அதிகம் கேட்கிறார்கள். 1 சதவீதப் புள்ளிக்காக 2 சதவீதம் கொடுப்பவரை வியாபாரி என்று யாரும் சொல்லமாட்டார்கள்.

"வட்டியில்லாத் தவணை" என்ற பெயரிலும் பயண டிக்கெட் விற்கிறார்கள். வட்டிக்குச் சமமான தொகையை முன்பே தள்ளுபடியாகக் காட்டி, வட்டியைக் கணக்கில் வைத்திருப்பதே அவற்றில் பலவற்றின் அமைப்பு. வட்டி உள்ள தவணையை வட்டியில்லாதது என்று மறைத்துக் காட்டக் கூடாதென ரிசர்வ் வங்கியே 2022ஆம் ஆண்டின் விதிகளில் சொல்ல வேண்டியதாயிற்று. அசல் எவ்வளவு, வட்டி எவ்வளவு, தள்ளுபடி எவ்வளவு என்று எழுத்தில் கேட்டுப் பார்க்காமல் இதில் இறங்காதீர்கள். வட்டி என்று ஒரு வரி அதில் இருந்தால் ஒதுங்கிவிடுங்கள்.

புள்ளி நம் கையிலுள்ள பணமும் அல்ல. அதன் மதிப்பைக் கொடுத்தவரே குறைக்கலாம், காலாவதியாக்கலாம். கிங்ஃபிஷர் விமானங்கள் 2012 அக்டோபரில் நின்றன. ஜெட் ஏர்வேஸ் விமானங்கள் 2019 ஏப்ரலில் நின்றன. அந்த விமானங்களில் பறப்பதற்கென்று மைல் மைலாகச் சேர்த்தவர்கள் அவற்றில் பறக்க முடியாமற் போயிற்று.

கை கூசாத செலவு

கணக்கில் வராத நஷ்டம் ஒன்றும் இருக்கிறது. ரூபாய் நோட்டை எண்ணிக் கொடுக்கும்போது கை கூசும். கார்டைத் தேய்க்கும்போது கூசுவதில்லை. அமெரிக்காவில் டிராசன் பிரெலெக், டங்கன் சிமெஸ்டர் என்ற இரு பேராசிரியர்கள் 2001ஆம் ஆண்டில் வெளியிட்ட ஆய்வில், கூடைப்பந்துப் போட்டி டிக்கெட்டை ஏலம் விட்டுப் பார்த்தார்கள். கார்டில் கட்டலாம் என்று சொல்லப்பட்டவர்கள், ரொக்கம் என்று சொல்லப்பட்டவர்களைவிட ஏறத்தாழ இரு மடங்கு கேட்டார்கள்! நூறு ரூபாய்ப் பொருளுக்கு ஒரு ரூபாய்ப் புள்ளி கிடைக்கிறதென்று தேவையில்லாத பொருளை வாங்கினால், 99 ரூபாய் வீண்விரயம். அந்த இஸ்ராஃபுக்கும் மறுமையில் கேள்வி உண்டு.

கடனின் பாரம்

நபிகள் நாயகம் (ஸல்) அவர்கள் தொழுகையில் கடனைவிட்டும் பாதுகாப்புத் தேடுவார்கள். ஏன் இவ்வளவு அதிகமாகத் தேடுகிறீர்கள் என்று கேட்கப்பட்டபோது, கடன்பட்டவர் பேசினால் பொய் சொல்கிறார், வாக்களித்தால் மாறுசெய்கிறார் என்ற கருத்தில் பதிலளித்ததாக ஆயிஷா (ரலி) அவர்கள் அறிவிக்கிறார்கள். மூன்று தீனார் கடனுடன் ஒருவருடைய ஜனாஸா கொண்டுவரப்பட்டபோது, தாம் தொழுவிக்காமல் தோழர்களைத் தொழச் சொன்னார்கள். அபூகதாதா (ரலி) அவர்கள் அந்தக் கடனுக்குப் பொறுப்பேற்ற பின்பே தொழுவித்தார்கள். மூன்று தீனாருக்கு அந்த நிலை! மௌத்து நமக்கு பில் தேதி பார்த்து வருவதில்லை.

இன்னொன்றையும் சிந்தியுங்கள். ஹஜ்ஜு இஸ்லாத்தின் தூண்களில் ஒன்று. வசதி இல்லாதவர் கடன் வாங்கியாவது ஹஜ்ஜு செய்ய வேண்டுமென்று மார்க்கம் கடமையாக்கவில்லை. அல்லாஹ்வின் வீட்டுக்கே கடன்பட்டு வர வேண்டும் என்று கட்டளை இல்லாதபோது, ஊட்டிக்கும் காஷ்மீருக்கும் கடன்பட்டுப் போகச் சொன்னது யார்?

என்ன செய்யலாம்?

கார்டு இல்லாதவர் புள்ளிக்காக அதை வாங்க வேண்டாம். தேவைக்காக முன்பே வைத்திருப்பவர் பின்வருவனவற்றைக் கண்டிப்பாகப் பேண வேண்டும்.

1. கையில் இருக்கும் பணத்துக்கு மட்டுமே கார்டைப் பயன்படுத்த வேண்டும். செலவு செய்த அன்றே அத்தொகையைத் தனியே ஒதுக்கிவிட வேண்டும்.

2. முழுத் தொகையும் தேதிக்கு முன்பே தானாகக் கட்டப்படும்படி வங்கிக் கணக்கில் ஏற்பாடு செய்துகொள்ள வேண்டும். "குறைந்தபட்சத் தொகை" என்ற வரியை இல்லாததாகவே எண்ண வேண்டும்.

3. கார்டைக் கொண்டு ரொக்கம் எடுக்கக் கூடாது. அதற்கு எடுத்த நாளிலிருந்தே வட்டி ஓடும்.

4. மனைவிக்கோ பிள்ளைக்கோ துணைக் கார்டு கொடுத்திருந்தால், அதில் ஏறும் கடனுக்கும் முதல் கார்டுதாரரே பொறுப்பாளி. கடனை எழுதி வைக்கும்படி குர்ஆன் ஷரீபின் மிக நீண்ட ஆயத்தான பகராவின் 282ஆவது ஆயத்து ஏவுகிறது. ஆகவே கார்டில் உள்ள பாக்கி வீட்டாருக்குத் தெரிந்திருக்கும்படி எழுதி வையுங்கள்.

5. ஒருமுறையேனும் வட்டி கட்ட நேர்ந்தால் தவ்பா செய்து, பாக்கியைத் தீர்த்து, கார்டை மூடிவிடுவதே நல்லது. பாக்கி இல்லாத கார்டை மூடக் கோரினால் 7 வேலை நாட்களுக்குள் மூட வேண்டும், தாமதித்தால் நாளொன்றுக்கு ரூ.500 வீதம் வாடிக்கையாளருக்குக் கொடுக்க வேண்டும் என்று ரிசர்வ் வங்கியின் 2022ஆம் ஆண்டு விதி கூறுகிறது. ஆகவே மூட முடியவில்லை என்ற சாக்குக்கும் இடமில்லை.

பயணத்துக்கு வழி வேண்டுமே என்றால், அதுவும் உண்டு. மாதம் ரூ.2,000 தனியே எடுத்துவைத்தால் ஆண்டு முடிவில் ரூ.24,000. மேலே கண்ட புள்ளியைப்போல் ஏறக்குறைய பத்து மடங்கு! உறவினர் பன்னிரண்டு பேர் சேர்ந்து, தள்ளுபடி ஏலம் இல்லாமல், குலுக்கல் முறையில் ஒவ்வொருவருக்கும் போட்ட தொகையே முழுமையாகக் கிடைக்கும்படி சீட்டு நடத்திக்கொள்ளலாம். ஏலத்தில் தள்ளி எடுக்கும் சீட்டிலிருந்து விலகிக்கொள்ளுங்கள். முன்கூட்டியே ரயில் டிக்கெட் எடுத்து, உறவினர் உள்ள ஊராகப் பார்த்துப் போனால் செலவும் குறையும், பந்தமும் வளரும். பிள்ளைகளிடமும் மறைக்காமல் சொல்லுங்கள்: "இவ்வருடம் சேர்ப்போம், அடுத்த வருடம் போவோம்." அந்தச் சேமிப்புப் பெட்டியில் அவர்களும் காசு போடட்டும். பொறுமையையும் ஹலாலான தேட்டத்தையும் கற்றுக்கொடுக்க இதைவிட நல்ல பாடம் வேறு என்ன இருக்கிறது!

வல்ல நாயன் அல்லாஹுத்தஆலா நம் அனைவரையும் வட்டியின் வாடையைவிட்டும், கடனின் பாரத்தைவிட்டும் காப்பாற்றி, ஹலாலான ரிஜ்கில் பரக்கத்துச் செய்து, நம் பயணங்களையும் மீட்சியையும் ஸலாமத்தாக ஆக்கியருள்வானாக! ஆமீன்.